நேரில் சொல்லப் போன ஊர்

பிரான்ஸுக்குப் போய்வந்தவள் என்று ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த தெருவில் அதற்கு முன் விமானம் ஏறியவர் துபாய்க்கு வேலைக்குப் போன எலெக்ட்ரீஷியன் ஒருவர்தான். அவர் பிழைக்கப் போனார், நாங்கள் சுற்றிப்பார்க்கப் போனோம். தெருவில் அப்படித்தான் நினைத்தார்கள். அப்பாவும் தம் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்லி லீவு வாங்கியிருந்தார். நானும் ரொம்ப நாள் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே இருந்தது என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணத்துக்கு முன்பு அத்தை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்தாள். சாயங்காலத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். குளிர்காலம்தோறும் மலை சுற்ற வந்துகொண்டிருந்த ஒருவர் அவளிடம் தமிழ் படித்தார். தமிழை ஓரளவு கற்று முடித்ததும் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அவருக்குப் பிரான்ஸில் பரம்பரையாகத் திராட்சைத் தோட்டம், ஒயின் தயாரிக்கும் தொழில்.

நாங்கள் சமணக் குடும்பம். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். தேன்கூடத் தொடாதவர்கள், மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாத்தா அத்தையைத் தலைமுழுகிவிட்டார். தமக்கு ஒரு பிள்ளைதான் என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார். அப்போது நான் தொட்டிலில் கிடந்தேன். என் அக்காவுக்குப் பதினான்கு வயது. அதுவரை அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதெல்லாம் அத்தைதான்.

தாத்தா போய்ச் சேர்ந்து காரியம் முடிந்த அன்று அப்பாவே யார் யாரிடமோ கேட்டு அத்தையின் நம்பரை வாங்கி வீடியோ காலில் கூப்பிட்டார்.  இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தை போனில் வந்தாள். எனக்கு அவள் ஒரு முகம் மட்டும்தான். கழுத்துக்குக் கீழே எப்படி இருப்பாள் என்றே எனக்குத் தெரியாது.

அக்காவுக்குக் காஞ்சிபுரம் பக்கத்தில் எங்கள் ஆட்களிலேயே மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதைக் கேட்டதும் அத்தை எங்களுக்கு டிக்கெட் அனுப்பிவிட்டாள். “கல்யாணத்துல ஆற அமரப் பேச முடியாதுண்ணா. மே மாசம் லீவுல எல்லாரும் என் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க” என்றாள். அக்காவுக்குச் சென்னையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முன்பு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அடுப்படியில் ஏதோ தகராறு. நான் போனபோது பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக அப்பா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. “இதெல்லாம் போன்ல சொல்ற விஷயம் இல்ல. நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதை.” கல்யாணத்துக்கு நேரில் போய் அழைப்பதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு தூரம் போய் அழைக்கிற அப்பா எனக்குக் கிடைத்ததில் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா பெட்டியில் குங்குமம், மஞ்சள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாவற்றுக்கும் அடியில் ஆரணிப் பட்டு ஒன்றை வைத்தாள். “இது யாருக்கு?” என்றார் அப்பா. “வெறுங்கையோட போறதா?” என்றாள் அம்மா. 

பாரிஸில் இறங்கி ரயில் பிடித்துப் போனோம். ரயில் நின்ற சின்ன ஸ்டேஷனில் அத்தை நின்றிருந்தாள். ஒல்லியாக, அப்பா உயரத்துக்கு, ஜீன்ஸும் ஸ்வெட்டருமாக இருந்தாள். நெற்றியில் பொட்டு. அப்பா “பாப்பா” என்று கூப்பிட்டார். நாற்பது வயதுப் பெண்ணை ஒருவர் பாப்பா என்று கூப்பிடுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்பா குலுங்கி அழுதார். பக்கத்தில் நின்ற மாமா தம் கைக்குட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டி, “அழாதீங்க, வாங்க, வாங்க” என்றார். அவருக்கு மரியாதைத் தமிழ் மட்டும்தான் தெரியும். அத்தை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். என்னையும் “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். என்னை நீங்க என்று கூப்பிட்ட முதல் பெரிய மனிதர் அவர்தான்.

அந்த ஊரின் பெயரை இன்றைக்கும் என்னால் சரியாக உச்சரிக்க முடியாது. பாதி எழுத்துகளை அவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். ஒரு மேட்டின் மேல் இருந்தது ஊர். சுற்றிலும் பழைய கோட்டைச் சுவர், உள்ளே போக ஒரே கல்வாசல். தெருவெல்லாம் கருங்கல் பாவியது. வீடுகள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு வீட்டு நிலைப்படிக்கு மேலும் கல்லில் திராட்சைக்குலை செதுக்கியிருந்தது. கோட்டைக்கு வெளியே பார்த்த பக்கமெல்லாம் திராட்சை, கோடு போட்ட நோட்டைப்போல வரிசை வரிசையாக. நம் ஊரில் மாதிரி பந்தல் இல்லை. இடுப்புயரச் செடியாகக் கம்பியில் கட்டி விட்டிருந்தார்கள். அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். “நம்ம மல்லாட்டைக் கொல்லைய விட ஜாஸ்தியா இருக்கும் போலிருக்கே” என்றார்.

அத்தை எங்களுக்காகப் புதுப் பாத்திரங்கள் வாங்கி வைத்திருந்தாள். ஸ்டிக்கர்கூட முழுசாகக் கிழியவில்லை. “வீட்டுல மத்த பாத்திரத்துல ஒண்ணும் தப்பு இல்லண்ணா. ஆனாலும் உனக்கு மனசு ஒப்பாதுன்னு” என்றாள். அப்பா ஒவ்வொரு கிண்ணத்தையும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தபிறகுதான் சாப்பிட்டார். அன்று சாயங்காலம் ஆறு மணி ஆனதும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அத்தை சிரித்தாள்.

“இங்க ஒம்பது மணி வரைக்கும் பொழுது இருக்கும்ணா. நாம சூரியனப் பாத்துத்தானே சாப்பிடறோம், கடிகாரத்தப் பாத்து இல்லையே.”

“குளிர்காலத்துல?” என்றாள் அம்மா.

“அப்ப நாலரைக்கே சாப்ட்டு முடிச்சிடுவேன் அண்ணி. அவரு எட்டு மணிக்குத் தனியா சாப்பிடுவாரு. பழகிடுச்சு.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார். பிறகு எட்டரை மணிக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் அம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். அத்தையைக் கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னாள். எந்தப் பக்கம் கிழக்கு என்று அம்மாவுக்குத் தெரியாததால் மாமா கையைக் காட்டினார். தட்டில் பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம், இரண்டு ஆப்பிள். வெற்றிலை விமானத்திலேயே வாடிப்போயிருந்தது. அதையும் வைத்தாள். அத்தைக்கு நெற்றியில் குங்குமம் இட்டு, “உங்க பொண்ணு கல்யாணம், நீங்கதான் முன்னாடி நிக்கணும்” என்று தட்டை நீட்டினாள்.

அத்தை தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “நலங்கு நான்தான் அண்ணி மொதல்ல வெப்பேன்” என்றாள். “வேற யாரு வெப்பாங்க” என்றாள் அம்மா. எங்கள் பக்கம் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தை முறைதான். அத்தை மாமாவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார். அப்பா முகத்தைப் பார்த்தால் சூடான எதையோ விழுங்கிவிட்டவர் மாதிரி இருந்தது. மாடியறைக்குப் போன பிறகு அவர் அம்மாவோடு பேசவில்லை.

மறுநாளிலிருந்து அத்தை எங்களை ஊரெல்லாம் சுற்றிக் காட்டினாள். வேலையே அவளுக்கு அதுதான். வெளியூர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குபவர்களுக்கு அந்தப் பழைய ஊரைச் சுற்றிக் காட்டி, கடைசியில் மாமாவின் நிலவறைக்கு அழைத்துப் போவாள். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் கைடு என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் அலைவார்கள். இங்கே வெள்ளைக்காரர்கள் என் அத்தைக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நடந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பேன்.

இந்தத் தோட்டங்களை முதன்முதலில் போட்டவர்கள் துறவிகள் என்று அவள் சொன்னபோது அப்பா நின்றுவிட்டார்.

“சாமியாருங்களா?”

“ஆமாண்ணா. பொஞ்சாதி புள்ள இல்ல, சொத்து இல்ல, அதிகம் பேசக்கூட மாட்டாங்களாம். அவங்க நட்டதுதான் எல்லாம்.”

“துறவிங்க சாராயமா காய்ச்சினாங்க?”

“சாராயம் இல்லண்ணா, ஒயின். அவங்க பூசைக்கே அதுதான்.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் துறவிகளின் அந்தப் பழைய மடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

நிலவறை வீட்டுக்கு அடியிலேயே இருந்தது. பாறையைக் குடைந்து செய்த குகை. ஒரு வீட்டுக் குகையிலிருந்து அடுத்த வீட்டுக் குகைக்கு வழி இருந்தது. ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் மாதிரி. சில்லென்று இருந்தது. பெரிய பெரிய மரப்பீப்பாய்கள் இருட்டில் படுத்துக் கிடந்தன. புளித்த வாடை. அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். அத்தை வந்தவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிக்கொடுத்து, இது எப்படி இருக்கும், அது எப்படி இருக்கும், எதில் ஈரமண் வாசம், எதில் பழத்தோல் வாசம் என்றெல்லாம் சொன்னாள். அவர்கள் உறிஞ்சிப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லோரும் போன பிறகு, “நீங்களும் குடிப்பீங்களா அத்தை?” என்று கேட்டேன்.

மாமாதான் பதில் சொன்னார். “உங்க அத்தை ஒரு சொட்டும் தொட மாட்டாங்க. நான் சொல்லுவேன், அவங்க மனப்பாடம் பண்ணுவாங்க.” சொல்லிவிட்டு ரொம்பப் பெருமையாகச் சிரித்தார். “வீட்டுல கத்துக்கிட்டத வீட்டத் தாண்டி வந்ததும் உட்டுட முடியுமா” என்றாள் அத்தை கோப்பைகளைக் கழுவிக்கொண்டே. அவள் அதைப் படிக்கட்டில் நின்றவருக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

நாட்கள் நன்றாகவே போயின. அப்பாவுக்கு அந்த ஊர் ரொட்டி பிடித்துவிட்டது. காலையில் மாமாவோடு அவரே கடைக்குப் போய்க் ஒரு கை நீளமுள்ள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அத்தையின் தோசையை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக மாட்டேனென்று அழுததையும், தாம் தோளில் தூக்கிக்கொண்டு போனதையும் மாமாவுக்கு நடித்துக் காட்டினார். ஒவ்வொரு நாளும் அம்மா ஏதோ எதிர்பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்ப்பாள். சொல்லாமலே விட்டுவிடுவார் என்று அம்மா நம்ப ஆரம்பித்திருக்க வேண்டும். அவள் அந்த வாரத்தின் கடைசியில் பாட்டெல்லாம் முணுமுணுத்தாள்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. மாமா தோட்டத்தில் வேண்டாத தளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு அத்தை கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பா, “இரு பாப்பா, நானும் வர்றேன்” என்றார். காபியைக் கொடுத்துவிட்டு வேறு வரிசை வழியாகத் திரும்பினோம். அத்தை என் கையைப் பிடித்திருந்தாள்.

“நீ போய் அங்க நத்தை இருக்குதான்னு பாரு” என்றார் அப்பா என்னிடம்.

நான் போகப் பார்த்தேன். அத்தை கையை விடவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கல்யாண விஷயமா ஒண்ணு சொல்லணும்.”

“டிக்கெட் போட்டாச்சுண்ணா. ஆவணின்னா இங்க அறுவடை நேரம், அவரால அசைய முடியாது. நான் போட்டது போட்டபடி உட்டுட்டு வந்துடறேன். பத்து நாள் முன்னாடியே வந்து அண்ணிக்கு ஒத்தாசையா இருக்கேன்.”

“அதில்ல பாப்பா.” அப்பா ஒரு திராட்சை இலையைப் பிய்த்தார். “நீ வர வேணாம்.”

அத்தைக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நான் நினைத்தேன். அவள் சிரித்த முகத்தை மாற்றாமலே நின்றிருந்தாள்.

“மாப்ள வீட்டுல பெரியவங்க ஒரு மாதிரி பேசினாங்க” என்றார் அப்பா.

“என்னன்னு?”

“சாராயம் காய்ச்சற வீட்டுல குடுத்திருக்கீங்களாமேன்னு.”

“நான் தொடறதில்லண்ணா.”

“எனக்குத் தெரியாதா? அவங்களுக்குத் தெரியணுமே.”

“நான் வந்து பேசறேன். அவங்க ஊட்டுப் பெரியவங்க கால்ல உழுந்து சொல்றேன்.”

“நீ வந்து பேசக்கூடாதுன்னுதான் வர வேணாங்கறேன். வந்தேன்னா நாலு பேரு கேப்பாங்க. எங்க இருக்க, என்ன பண்றன்னு. மண்டபத்துல அந்தப் பேச்சு வேணாம் பாப்பா. பொண்ணு வாழ்க்கை.”

மேல் வரிசையில் மாமா தளிர் கிள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவருக்குத் தமிழ் தெரியும் அல்லவா.

“அண்ணி புடவை வெச்சுக் குடுத்தாங்களே?”

“அது அவ ஆசைக்குக் குடுத்தது. நீ வெச்சுக்க. நல்ல புடவைதான்.”

“இதச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தியாண்ணா?”

“பின்ன, போன்ல சொல்ற விஷயமா இது?” என்றார் அப்பா. அவர் குரலில் கோபம்கூட இருந்தது, தாம் காட்டிய மரியாதையை அவள் புரிந்துகொள்ளவில்லையே என்பதுபோல.

 என் விரல்கள் அத்தையின் பிடியில் வலித்தன. வலிக்கிறது என்று சொன்னேன். “ஐயோ கண்ணு” என்று விட்டுவிட்டு, என் விரல்களை ஊதிவிட்டாள். வீடு வரும்வரை ஊதிக்கொண்டே வந்தாள்.

அன்று மத்தியானம் ஒரு பஸ் கூட்டம் வந்தது. அத்தை வழக்கம்போலச் சுற்றிக் காட்டினாள். ஒரு வார்த்தை குறையவில்லை. சிரிக்க வைக்கிற இடங்களில் சிரிக்க வைத்தாள். பொழுது இருக்கும்போதே எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். சாப்பிட உட்காரச் சொன்னதற்குத் தலைவலி என்றாள். அம்மா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். அப்பாவும் நானும்தான் சாப்பிட்டோம்.

எனக்குத் தாகமெடுத்துக் கீழே இறங்கி வந்தபோது வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் அத்தை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமா தட்டைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அத்தையின் கண் காய்ந்திருந்தது. ரொட்டியைப் பிய்த்து, சூப்பில் நனைத்து, நன்றாக மென்று, ஏதோ வேலையை முடிப்பதுபோலச் சாப்பிட்டாள். பாவம், மத்தியானம் முழுக்க நடந்திருக்கிறாள், பசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இருட்டில் சாப்பிட்டதை அப்பாவிடம் சொன்னால் திட்டுவார் என்பதால் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் எங்களை ரயிலேற்றிவிட்டது மாமா மட்டும்தான். அத்தை வாசலிலேயே நின்றுகொண்டாள். வழிக்குச் சாப்பிட எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். அம்மா அதை ரயிலில் பிரிக்கவிடவில்லை. அப்பா கேட்டபோது, “அந்தச் சோத்த எப்படிங்க உங்களால முழுங்க முடியும்?” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். அம்மா பொது இடத்தில் சத்தம் போட்டு நான் கேட்டது அப்போதுதான்.

ஊருக்கு வந்ததும் அப்பா அலுவலகத்தில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். போட்டோக்களைக் காட்டினார். கோட்டை வாசல், கல்தெரு, துறவிகளின் மடம், நீள ரொட்டி எல்லாம் அவற்றில் இருந்தன. அத்தை ஒன்றிலும் இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. முதல் நலங்கை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையுள்ள ஒருத்தி வைத்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மண்டபம் முழுக்கச் சுற்றி, மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாதிரி பேசிய அந்தப் பெரியவர் யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். பாயசம் மறுபடி வரவில்லையென்று பந்தியில் கத்திய ஒரு மீசைக்காரர்தான் அவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அவர் இலைப்பக்கம் தண்ணீர் ஊற்றாமல் தாண்டிப் போனேன்.

சாப்பாடு முடிந்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா எங்களிடம் வந்தார். கூடவே ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். அந்த வீட்டுக்கே மூத்தவர், அவருடைய மாமனார்.

“எங்க உங்க நாத்தனாரு?” என்று அம்மாவிடம் கேட்டார். “பிரான்ஸ்லேருந்து வருவாங்கன்னு நெனச்சமே. மாமா காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காரு, அந்தப் பொண்ண எனக்குக் காட்டுன்னு. ஒயினு ஊருல குடித்தனம் பண்ணிக்கிட்டும் பொழுது சாஞ்சா வாயில பச்சத்தண்ணி ஊத்த மாட்டாங்களாமே? எங்க மருமவ சொன்னா. இங்க நம்ம புள்ளைங்க எங்க இருக்குதுங்க அப்படி.”

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, “அங்க அறுவடை டைமுங்க. எவ்ளோ சொல்லிப் பாத்தோம், வர முடியலன்னுட்டா” என்றார்.

“அடடா” என்றார் கிழவர். “அடுத்த தபா வந்தா அழைச்சுக்கிட்டு வாங்க. கையெடுத்துக் கும்பிடணும்.”

அப்பா சரி சரி என்று தலையாட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன். இவர்களெல்லாம் நல்லவர்களாக இருக்கிறார்கள், அந்த மீசைக்காரர் ஒருவருக்குப் பயந்துகொண்டு அப்பா இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அப்பாமேல் இரக்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் அதற்குப் பிறகு வரவில்லை. அறுவடை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பு, செங்கம் ரோடு முழுக்கக் கூட்டம். பள்ளிக்கூட வேன் நகர முடியாமல் நின்றிருந்தது. ஒரு டீக்கடை பெஞ்சில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் அத்தை உட்கார்ந்திருந்தாள். நான் கத்தினேன். அவள் எழுந்து வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடிவந்தாள். வேனின் சன்னல் கம்பிக்குள் கையை நீட்டி என் கன்னத்தைப் பிடித்தாள். நான் வளர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அக்கா எப்படி இருக்கிறாள், அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று மூச்சுவிடாமல் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க என்றேன்.

“மாமா வரலையா?”

“ரூம்ல இருக்காரு கண்ணு. பக்கத்துலதான் ரூம் எடுத்திருக்கோம். தீபம் பாத்துட்டுப் போயிடுவோம்.”

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் ஆட்டோவில் கால்மணி நேரம்கூட ஆகாது.

“ஏன் ரூம் எடுத்தீங்க? வீட்டுக்கு வாங்க அத்தை.”

அத்தை என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார், முன்னால் வழி விட்டுவிட்டார்கள். அவள் கையை எடுக்காமல் வேனோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

“அப்பாகிட்ட சொல்லு. கூப்ட்டா வர்றேன்னு சொல்லு.”

வீட்டில் அப்பா அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை முதுகிலிருந்து இறக்கக்கூட இல்லை.

“அப்பா, அத்தை வந்திருக்காங்கப்பா! செங்கம் ரோட்டுல இருக்காங்க. நீ கூப்ட்டா வர்றாங்களாம்.”

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்த அத்தை?” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்யாண அலைச்சலில் அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கும் டிவிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, பிரான்ஸ் அத்தைப்பா, உன் தங்கச்சிப்பா, நாம ரயில்ல போனோமே, அங்க நீ அழுதியே, மாமா உனக்குக் கைக்குட்டை குடுத்தாரே என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைத் தாண்டி டிவியைப் பார்க்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தார். நானும் கூடவே நகர்ந்து நகர்ந்து நின்றேன். எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திவிட்டால் உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.